தொட்டிச் சுவரில் ஒரு சேவல்

அத்தியாயம் ஏழு

எலும்புகள் கிடந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அதை மிதிக்காமல் நிற்க வழியில்லை. மிதித்துக்கொண்டுதான் நின்றேன்.

தொட்டியின் வாய் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மேலே தெரிந்தது. தட்டில் பாதியை என் முதலாளி ஜெர்வாசியோவின் தலை மறைத்துக்கொண்டிருந்தது.

"தெக்லா, என்ன தெரியுது?"

"உங்க மூக்கு ஓட்டை ரெண்டும் தெரியுது பாஸ். துப்பு அங்க ஒண்ணும் இருக்கற மாதிரி இல்ல."

"சுவரைப் பாரு. எலும்பை எல்லாரும் பாத்தாச்சு."

அவருக்கு இடுப்புச் சுற்றளவு நாற்பத்திரண்டு அங்குலம். மட்டேரா ஊரில் பாறையைக் குடைந்து வெட்டிய மழைத்தொட்டிகளுக்குக் கழுத்து குறுகல், வயிறு பெரியது. அவருக்கும் அதே அமைப்புதான் என்பதால் இரண்டும் பொருந்தாது. அதனால் இறங்குகிற வேலை எனக்கு. சோபா தொழிற்சாலையில் இரவு ஷிப்டை விட்டுவிட்டு இவரிடம் துப்பறியும் வேலைக்குச் சேர்ந்தபோது, பகலில் வெளிச்சத்தைப் பார்க்கலாம் என்று நம்பினேன். இப்போது சனிக்கிழமை காலை பதினோரு மணி. கையில் டார்ச் இல்லையென்றால் என் விரல் எனக்குத் தெரியாது.

வழக்கு இதுதான். இந்தக் குகை வீடுகளில் எட்டுக் குடும்பங்கள் ஒரே முற்றத்தில் வாழ்ந்தன. எட்டுக்கும் ஒரே தொட்டி. 1956 மே மாதம் அரசாங்கம் லாரி அனுப்பி அவர்களை மேட்டுப் பகுதிப் புது வீடுகளுக்கு ஏற்றிப் போனது. குகைகளின் வாசலைச் செங்கல் வைத்து அடைத்தது. நவம்பரில் தொட்டி வாய்களின் மேல் கல்லைப் போட்டுப் பூசியது. உள்ளே யாரும் குனிந்து பார்க்கவில்லை. நாட்டுக்கே அவமானம் என்று சொல்லிக் காலி செய்த பொந்துகளுக்கு முப்பத்தேழு வருடம் கழித்து உலகப் பாரம்பரியம் என்று பெயர் வந்தது. ஹோட்டல் கட்ட வந்த ஒருவன் போன மாதம் இந்தக் கல்லைப் பெயர்த்தான். அடியில் ரோக்கோ கிடந்தான்.

ரோக்கோ 1951 அக்டோபரில் பெல்ஜியத்துச் சுரங்கத்துக்குப் போனவன். போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம் கடிதம் எழுதியதாகவும், பிறகு அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டதாகவும் ஊர் நம்பியிருந்தது. எலும்போடு கிடந்த புகையிலை டப்பாவுக்குள் ஒரு ரொட்டி முத்திரை இருந்தது. அந்தக் காலத்தில் எல்லோர் வீட்டு மாவும் ஒரே பொது அடுப்புக்குப் போகும். எது யாருடையது என்று தெரிய வேண்டாமா? வீட்டுக்கு ஒரு மர முத்திரை. மாவின் தலையில் ஒரு குத்து. ரோக்கோ வீட்டு அடையாளம் சீப்பு. அதை வைத்துத்தான் எலும்புக்குப் பெயர் வந்தது.

பெயர் வந்த மறுநாளே கொலைகாரனும் வந்தான், தன் காலாலேயே நடந்து. பக்கத்து வீட்டு பியாஜியோ, எழுபத்தொன்பது வயது. "கிளம்புறதுக்கு முந்தின சாயங்காலம் நான்தான் அவனைத் தள்ளினேன். வந்த கடிதம் எல்லாம் நானே கட்டிவிட்டது" என்று போலீஸிடம் சொன்னார். ரோக்கோவின் மனைவிக்குப் படிக்கத் தெரியாது, கடிதங்களை வாசித்துக் காட்டியது பியாஜியோதான். அதனால் போலீஸ் நம்பியது. திங்கட்கிழமை நீதிபதி முன்னால் அவர் அதையே சொன்னால் மிச்ச ஆயுள் சிறையில்.

எங்களை அமர்த்தியது ரோக்கோவின் மகள் ப்ரூனெல்லா. ரோக்கோ போனபோது அவளுக்கு இரண்டு வயது. அவளை வளர்த்து ஆளாக்கி, அவளிடம் 'அப்பா' என்ற பெயர் வாங்கியவர் பியாஜியோ. ஒரு அப்பாவைக் கொன்றது இன்னொரு அப்பா இல்லை என்று நிரூபிக்க வேண்டும். நாளை மறுநாளுக்குள்.

"பாஸ், கழுத்துச் சுவர்ல ஏதோ செதுக்கியிருக்கு."

"என்ன?"

"மணி, மீன், அரிவாள், சேவல், கழுதை, நட்சத்திரம், சாவி. சீப்புகூட இருக்கு. மேலேர்ந்து கீழ வரிசையா. சின்னச் சின்னதா, உள்ளங்கை அளவு."

மேலே தலை அசையவில்லை. அவர் யோசிக்கும்போது மூச்சுகூட விட மறந்துவிடுவார்.

"தெக்லா. எட்டு உருவம்தான் திரும்பத் திரும்ப வருதா?"

எண்ணினேன். "எட்டுதான். முறை வச்ச மாதிரி சுத்திச் சுத்தி வருது."

"முறையேதான். ஆகஸ்ட்ல தொட்டி வத்தும். மழைக்கு முன்னால ஒரு வீட்டு ஆள் இறங்கி வழிச்சுச் சுத்தம் பண்ணணும். பண்ணினவன் தன் வீட்டு முத்திரையைச் சுவர்ல வெட்டிட்டு ஏறுவான். எங்க முற்றத்துலயும் இருந்துது. எங்கப்பா வெட்டினதைப் பாத்திருக்கேன். கடைசி உருவம் எது?"

"சாவி."

"அது 1955. அதுக்கப்புறம் யாரும் இறங்கல, காலி பண்ணிட்டாங்க. பின்னாடி எண்ணு."

"சாவி 55. நட்சத்திரம் 54. கழுதை 53. சேவல் 52." டார்ச்சைச் சேவல் மேலேயே நிறுத்தினேன். "பாஸ், இங்க ரோக்கோ 51லேர்ந்து கிடந்திருந்தா, நாலு பேரு அவரைப் பாத்திருக்கணும்."

"பாத்துட்டு முகத்தைத் துடைச்சு விட்டுட்டா ஏறியிருப்பாங்க?"

"சேவல் யாரு வீடு?"

"மேல வா. என் மூக்கு ஓட்டை சொல்லும்."

---

ப்ரூனெல்லாவின் வீடு மேட்டுப் பகுதியில் மூன்றாவது மாடி. லிப்ட் இல்லை. ஜெர்வாசியோ இரண்டாவது மாடியில் நின்று, கோட்டுப் பையிலிருந்து அந்தப் புகையிலை டப்பாவை எடுத்துத் திறந்தார். முத்திரையை நான்கு மணி வரைக்கும் என்று கையெழுத்துப் போட்டு ஸ்டேஷனில் வாங்கியிருந்தோம். கையெழுத்து என்னுடையது. அவருடைய கையெழுத்தை அந்த ஊரில் யாரும் வாங்குவதில்லை.

"மோந்து பாரு."

"செத்தவர் சாமானை மோக்கறதுக்குத் தனிச் சம்பளம் உண்டா?"

"பாரு."

மோந்தேன். பைன் மரத்துப் பிசின் வாசனை, மிக லேசாக. முத்திரைக் கட்டைக்கு எடையே இல்லை. பிடியில் ஒரு சின்னப் பெண் உருவம், ஒற்றைப் பின்னல். அடியில் சீப்பு. சீப்பின் பற்களுக்கு நடுவே கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் தேய்த்தேன். விரல் கறுத்தது.

"அழுக்கு."

"அழுக்குக்கும் ஊர் உண்டு" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. எனக்கு அவர் முகம் பிடிக்கவில்லை. துப்புக் கிடைத்தால் அவருக்குக் காது சிவக்கும். இன்றைக்கு வெளுத்திருந்தது.

கதவைத் திறந்தவளின் முழங்கை வரை மாவு. ப்ரூனெல்லாவுக்கு நாற்பத்தைந்து வயது, பெரிய கைகள். சனிக்கிழமைதோறும் வீட்டில் மாவு பிசைந்து தெருமுனைப் பேக்கரியின் அடுப்புக்குக் கொண்டுபோவாள். முத்திரை குத்தியும் அனுப்புவாள். இந்தக் காலத்தில் அது தேவையில்லை. பேக்கரிக்காரன் சிரிப்பான். அவள் கவலைப்படுவதில்லை.

சமையலறையில் பியாஜியோ உட்கார்ந்திருந்தார். வயதை முன்னிட்டு வீட்டுக்காவல். அவர் முன்னால் மொச்சை மசியல், ஓரத்தில் கசப்புக் கீரை. தொடவில்லை.

"மூணு நாளா இப்படித்தான் சார்" என்றாள். "உள்ள போறதுக்கு முன்னாடியே பட்டினி கிடந்து பழகறாரு. அப்பா, இவங்க வந்திருக்காங்க பாரு."

"வரட்டும். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு."

"சொன்னீங்க" என்றார் ஜெர்வாசியோ. "நல்லாவும் சொன்னீங்க. அடுத்த வருஷம் தொட்டியைச் சுத்தம் பண்ணினது யாரு?"

கிழவர் கண்ணைச் சுருக்கினார். "அந்த வருஷம் பண்ணல."

"உங்க வீட்டு முத்திரை என்ன?"

கிழவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"சேவல்" என்றாள் ப்ரூனெல்லா. "இவர் வீட்டுது சேவல். ஏன்?"

"52ல சேவல் இறங்கியிருக்கு" என்றேன் நான். "சுவர்ல கூவிட்டு ஏறியிருக்கு."

பியாஜியோ என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வெறுப்பு இருந்தது. குற்றவாளியின் வெறுப்பு இல்லை. பூட்டிய கதவை யாரோ உலுக்கும்போது வருகிற வெறுப்பு.

"ஆமா, இறங்கினேன். அவனை மூலைல ஒதுக்கி, மேல கல்லைப் போட்டு மூடினேன். அதுக்கென்ன இப்ப?"

"அதுக்கப்புறம் இறங்கின மூணு பேரு?"

"கல்லைத்தான் பாத்திருப்பானுங்க."

"சரி." ஜெர்வாசியோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆக, 51 அக்டோபர்லேர்ந்து 56 மே வரைக்கும் எட்டு வீடும் அந்தத் தண்ணியைத்தான் குடிச்சுது. மாவு பிசைஞ்சுது. இந்தப் பொண்ணுக்கு அப்ப ரெண்டு வயசு. இவளுக்கு யாரு மொண்டு குடுப்பாங்க?"

"அப்பாதான்" என்றாள் ப்ரூனெல்லா. "தகரக் குவளைல. முதல்ல அவர் ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு அப்புறம்தான் எனக்கு. சில்லுனு இருந்தா கையால மூடி வச்சிருந்து..."

"அஞ்சு வருஷம்" என்றார் ஜெர்வாசியோ. "தினமும். கல்லுக்கடில அவங்கப்பனை வச்சுக்கிட்டு, அந்தத் தண்ணியை மொண்டு மொண்டு இவ வாயில ஊத்தியிருக்கீங்க. திங்கட்கிழமை இதையும் சேத்துச் சொல்லிடுங்க."

பியாஜியோவின் கை மேசையில் அடித்தது. மசியல் தட்டு குதித்தது.

"அந்தத் தண்ணியை என் பிள்ளைக்கு நான் குடுப்பேனா? மனுஷனா நீ? குடுப்பேனாடா?"

அடுத்த வீட்டு ரேடியோவில் கால்பந்து பற்றி யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"குடுக்க மாட்டீங்க" என்றார் ஜெர்வாசியோ மெதுவாக. "அதைத்தான் நானும் சொல்றேன்."

ப்ரூனெல்லா சிரித்தாள். அழுகையும் சேர்ந்து வந்தது. மாவுக் கையால் கிழவரின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். வெள்ளை முடியில் வெள்ளை மாவு. "நான் சொன்னேன்ல? நான் சொன்னேன்ல சார்? இவருக்குக் கோழியை அறுக்கவே கை நடுங்கும். லூசுக் கிழவா, எதுக்குப்பா அப்படிச் சொன்ன? யாரைக் காப்பாத்த?"

வழக்கு முடிந்தது. கேட்டதைச் செய்துவிட்டோம். நான் எழுந்தேன்.

"பாஸ், கிளம்பலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவர் எழுந்திருக்கவில்லை. இப்போதுதான் படிக்கட்டில் அவர் காது ஏன் வெளுத்திருந்தது என்று எனக்குப் புரிந்தது. மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"உங்க வீட்டு முத்திரையைக் காட்டுங்க" என்றார் ப்ரூனெல்லாவிடம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாவுப் பலகை பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஆலிவ் மரம். கனம். பாட்டன் காலத்துக் கறுப்பு. பற்களுக்கு நடுவே காய்ந்த மாவு கல்லாகியிருந்தது. அதன் பக்கத்தில் ஜெர்வாசியோ டப்பாவில் இருந்ததை வைத்தார்.

"இது... இது வேறயா?" என்றாள். "போலீஸ் சீப்பை மட்டும்தான் போட்டோல காட்டினாங்க. நம்ம வீட்டுது பழசு ஏதோ ஒண்ணுன்னு நினைச்சேன்."

"இது மாவையே பாத்ததில்ல. நம்ம பக்கம் பைன் கட்டைல எவனும் முத்திரை செதுக்க மாட்டான், பிசின் ரொட்டில ஏறும். இது சுரங்கத்துல கூரைக்கு முட்டுக் குடுக்கற கட்டை. இடுக்குல இருக்கறது நிலக்கரி." ஜெர்வாசியோ யாரையும் பார்க்காமல் பேசினார். "உங்கப்பா பெல்ஜியம் போனது நிஜம். கடிதம் வந்ததும் நிஜம். அங்க உக்காந்து, பின்னல் போட்ட ஒரு பொண்ணைச் செதுக்கி, எடுத்துக்கிட்டுக் கிளம்பியிருக்கார். 55 ஆகஸ்ட்ல தொட்டி சுத்தமா இருந்துது. 56 நவம்பர்ல வாயை மூடிட்டாங்க. நடுவுல வந்திருக்கார்."

"வந்தாரா? எங்க வந்தாரு?"

"வீட்டுக்கு."

"மே மாசமே நாங்க காலி பண்ணிட்டோமே."

"அதான். வாசல்ல செங்கல். முற்றத்துல ஒரு ஆள் இல்ல. ரெண்டு நாள் ரயில்ல வந்தவன் முதல்ல என்ன பண்ணுவான்? நம்ம ஊர்க்காரன் யாரா இருந்தாலும் தொட்டிக்குத்தான் போவான். வாளி இல்ல, கயிறு இல்ல. எல்லாம் லாரில ஏறிப் போயாச்சு. சுவர்ல கால் வைக்கற குழி மட்டும் இருந்துது. இறங்கியிருக்கார். வழுக்கியிருக்கு. கூப்பிட்டிருப்பார். யாரு இருக்கா கேக்க?"

ப்ரூனெல்லா நின்றபடியே இருந்தாள். கிழவரின் தலைக்கு அவள் கை திரும்பிப் போகவில்லை.

"அம்மா ஏன் புது விலாசத்தை எழுதல?"

அதைக் கேட்டு முடிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அம்மா செராஃபினா தன் பெயரைக்கூட எழுதத் தெரியாமல் செத்தவள். அந்த வீட்டுக்காக எழுதின கை ஒன்றுதான்.

பியாஜியோ எழுந்தார். சுவரில் ஒரு தேவதையின் கை தொங்கியது, காகிதக் கூழில் செய்து பொன் பூசிய கை. ஜூலைத் திருவிழாவில் மாதா தேரை ஊர் பிய்த்துப் பங்கு போடும்போது யாரோ கொண்டுவந்த துண்டு. அப்படி ஒன்று இல்லாத வீடு மட்டேராவில் இல்லை. ப்ரூனெல்லா வாராவாரம் அதைத் துடைப்பவள். கிழவர் அதைக் கழற்றி, மணிக்கட்டின் பொத்தலில் இரண்டு விரலை விட்டு, சுருட்டிய காகிதம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

அவள் பிரித்தாள். கண்ணால் ஒரு தரம் ஓட்டினாள். பிறகு வாய்விட்டுப் படித்தாள், கணக்குப் பாடம் ஒப்பிக்கிற குரலில்.

"அக்டோபர் பதினாலாம் தேதி சாயங்கால ரயிலில் வருகிறேன். திரும்பிப் போகப் போவதில்லை. பாப்பாவுக்கு முத்திரை செதுக்கியிருக்கிறேன், அவள் இப்போது மாவு பிசையக் கற்றிருப்பாள். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். வழி எனக்குத் தெரியும்."

"உங்கம்மாகிட்ட வேற மாதிரி படிச்சேன்" என்றார் பியாஜியோ. "அவன் அங்க ஒருத்தியோட இருக்கான், இனிமே காத்திருக்க வேண்டாம்னு எழுதியிருக்கான்னு படிச்சேன். அவ அழல. சட்டியைக் கழுவப் போயிட்டா. வந்து பாத்துட்டு, கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிட்டான்னுதான் முப்பத்தெட்டு வருஷமா நினைச்சேன். கொன்னது நான் இல்லன்னா வேற யாரு? நீயே சொல்லு. சார், அந்தச் சேவலை அழிச்சிடுங்க. திங்கட்கிழமை நான் போறேன். என்னைப் போக விடுங்க."

"கடிதத்தை மாத்திப் படிச்சதுக்குச் சட்டத்துல தண்டனை இல்ல" என்றார் ஜெர்வாசியோ.

"ஏதாவது ஒண்ணு இருக்கும். தேடிப் பாருங்க."

ப்ரூனெல்லா கடிதத்தை மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்தாள். பலகைக்குத் திரும்பினாள். மாவு பொங்கி உருண்டையாக உட்கார்ந்திருந்தது. மேசைக்குக் கை நீட்டி அப்பனின் முத்திரையை எடுத்தாள். அது சாட்சிப் பொருள். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. மாவின் நடுமண்டையில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். எடுத்தபோது சீப்பு கறுப்பாக விழுந்திருந்தது. பல் பல்லாக, கரி.

அதை அவள் சுரண்டவில்லை.

"நீ எங்கயும் போகப் போறதில்ல" என்றாள், முகத்தைத் திருப்பாமல். "இங்கதான் இருக்கப் போற. இதே நாற்காலில. தினமும் இந்த ரொட்டியைத்தான் நான் வெட்டித் தருவேன். நீ தின்னணும். கடைசித் துண்டு வரைக்கும்."

கிழவர் உட்கார்ந்தார். கரண்டியை எடுத்தார். ஆறிப்போன மசியலை ஒரு வாய் போட்டுக்கொண்டு, விழுங்க முடியாமல் வாயிலேயே வைத்திருந்தார்.

நாங்கள் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வெளியே வந்தோம். இரண்டாவது மாடியில் ஜெர்வாசியோ நின்றார்.

"நாலு மணிக்கு முத்திரையைத் திருப்பிக் குடுக்கணும். கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"போட்டது நான். வேணும்னா நீங்க போய் வாங்கிட்டு வாங்க பாஸ்."

அவர் மேலே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார்.